மடிப்புக்குள் இருந்த பச்சை

என் அத்தை பதினாலு வருடம் பட்டாணி அரைத்தாள். சமையலுக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கதை வரைக்கும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேருக்கும் பதில் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு முன்னறை அவளுடையது. ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், ஊரையே எழுப்பக்கூடிய ஒரு அலாரம் கடிகாரம். ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் வேலை. பதவியின் பெயர் ஆய்வக உதவியாளர், தற்காலிகம். அந்தத் தற்காலிகத்துக்கு வயது பதினாலு ஆகி, மீசை முளைக்கிற பருவத்தில் இருந்தது. வருடா வருடம் ஒரு தாள் வரும்: இன்னும் பன்னிரண்டு மாதம். தாள் வருவதற்கு முந்தின இரண்டு வாரமும் அத்தை சாப்பாட்டில் உப்பை இரண்டு தடவை போடுவாள். நாங்களும் வாயை மூடிக்கொண்டு தண்ணீரைக் குடித்துக்கொண்டு சாப்பிடுவோம்.

மீசை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு தடவை அவளுடைய அடையாள அட்டைப் படத்தில் நான் பேனாவால் முறுக்கு மீசை வரைந்துவிட்டேன். மூன்று நாள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் வந்தாள். வாசல் காவலாளியிலிருந்து மேலதிகாரி வரை ஒருத்தருக்கும் கண்ணில் படவில்லை. நான்காம் நாள் அவளே பார்த்துவிட்டு என் காதைத் திருகினாள். "அடி கழுதை, இதை எப்ப வரைஞ்ச?" "திங்கக்கிழமை." அவள் கை காதிலிருந்து தானாக நழுவியது. இன்று வியாழன் என்று கணக்குப் போட்டிருப்பாள். விளையாட்டு விளங்காமல் போனதில் எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவள் வேலை என்னவென்றால், ஒன்பது நாள் வயதான பட்டாணி நாற்றைக் கத்தரிக்க வேண்டும். நாற்று வளரும் அறையில் காலை ஆறு மணிக்கு விளக்குகள் தானாக எரியும். எரிந்துவிட்டால் இலைக்குள் மாவுச்சத்து சேர ஆரம்பித்துவிடும். மாவுச்சத்து சேர்ந்த இலையை அரைத்துச் சுழற்றினால் அந்த மாவு மணிகள் பசுங்கணிகங்களை உள்ளேயிருந்து கிழித்துவிடும். ஆகவே விளக்கு எரியுமுன் வெட்டியாக வேண்டும். பதினாலு வருடமாக அந்த ஆறு மணியோடு ஓட்டப்பந்தயம் ஓடி, அவள் ஒருநாளும் தோற்றதில்லை. பிறகு பனிக்கட்டிக் குளிரில் மூன்றே மூன்று சுற்று அரைப்பு, ஒவ்வொன்றும் கண் சிமிட்டும் நேரம். நைலான் துணியில் வடிகட்டல். சுழற்சி இயந்திரம். கடைசியில் குழாயில் இரண்டு பச்சை வளையம் தெரியும். மேலே இருப்பது உடைந்த பசுங்கணிகங்கள், கீழே இருப்பது முழுசானவை. மற்றவர்கள் செய்தால் மேல் வளையம் தடிமனாக வரும். அத்தை செய்தால் கீழ் வளையம். அவ்வளவுதான் அவள் சொத்து.

எதற்கு இந்தக் கூத்தெல்லாம்? அவள் சொன்னதில் பாதிதான் என் மண்டையில் ஏறியது. ஏறிய பாதியைச் சொல்கிறேன்.

நூறு கோடி வருடத்துக்கும் முன்னால் ஒரு செல், நீலப்பச்சைப் பாக்டீரியா ஒன்றை விழுங்கியது. விழுங்கியதே தவிர செரிக்கவில்லை. உள்ளே போனது வெயிலை வைத்துச் சமைக்கத் தெரிந்த ஆள். சரி, இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டது. அதுதான் இன்றைக்கு இலையில் இருக்கிற பசுங்கணிகம். ஆனால் இருக்க இடம் கொடுத்த வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? வந்தவனுடைய மரபணுக்களை ஒவ்வொன்றாக உருவித் தன் பெட்டகத்தில் வைத்துக்கொண்டான். இப்போது பசுங்கணிகத்துக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை வெளியே, வீட்டுக்காரன் இடத்தில்தான் தயாராகின்றன. தயாரானது உள்ளே போக வேண்டும். அதற்கு ஒரு கதவு, கதவில் முகவரிச் சீட்டைப் பார்த்து ஆளை விடுகிற ஒரு காவல்காரன். இரண்டுமே புரதங்கள்தான்.

கதவு எங்கிருந்து வந்தது என்று ஓரளவு தெரியும். அந்தப் பாக்டீரியா தன் வெளிச்சுவரைக் கட்டுவதற்கு வைத்திருந்த பழைய உருப்படி ஒன்று, வேறு வேலைக்கு மாற்றப்பட்டுவிட்டது. காவல்காரன் விஷயம்தான் வம்பு. அவனுக்குப் பாக்டீரியாவில் சொந்தபந்தம் யாரும் இல்லை. வீட்டுக்காரன் பின்னால் நியமித்த ஆள். பட்டாணி மாதிரிப் பச்சைச் செடிகளில் இருக்கிறான். ரொம்பப் பழைய கிளையில் பிரிந்துபோன சில பாசிகளில் அவனைக் காணவில்லை. அப்படியானால் அவன் எப்போது வந்தான், வருவதற்கு முன்னால் யார் ஆளை உள்ளே விட்டது? அத்தையின் பேராசிரியர் தன் தலைமுடி முழுவதையும் இந்தக் கேள்விக்குத்தான் கொடுத்தார்.

அவரிடம் அப்படிப்பட்ட பழைய பாசி ஒன்று இருந்தது. கண்ணாடிக் குடுவைகளில், நீலம் கலந்த பச்சையில், பார்த்தால் யாரோ தூரிகை கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். அதன் பசுங்கணிகம் இன்னமும் பாக்டீரியாவாக இருந்த காலத்துச் சுவரை மெல்லிசாகப் போர்த்திக்கொண்டிருக்கிறதாம். "அவ்வளவு வருஷம் ஆகியும் போர்வையை விடல பாரு" என்று அத்தை அதைப் பற்றிச் சொல்லும்போது, யாரோ உறவுக்காரப் பிள்ளையைச் சொல்கிற மாதிரி இருக்கும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அத்தைதான் கேட்டாள். "சார், பட்டாணிக் காவல்காரனைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் நம்மகிட்ட இருக்கே, அதை இந்தப் பாசியில ஒருதடவை போட்டுப் பாக்கலாமா?"

"வராதும்மா. அதுல அவன் இல்லன்னு ஊருக்கே தெரியும்."

"வராட்டி வரல சார். எதிர்ப்பொருள் கொஞ்சம் மிச்சம் இருக்கு, வீணாப் போகப் போகுது."

வந்தது. எதிர்ப்பொருள் ஆளைப் பிடித்தால் படச்சுருளில் ஒரு பட்டை விழும். இதில் மயிரிழை அளவுக்கு ஒரு மங்கல் பட்டை, காவல்காரன் நிற்க வேண்டிய அதே உயரத்தில். பேராசிரியர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் உட்காரப் போனாராம். திரும்பத் திரும்பச் செய்தார்கள். அத்தை செய்த ஒவ்வொரு தடவையும் வந்தது. அந்தப் பட்டையை வெட்டி ஆராய அனுப்பினார்கள். அந்தப் புரதத்தில் இரண்டே இரண்டு சிறு துண்டு படிக்கக் கிடைத்தது. இரண்டும் அப்படியே பட்டாணியோடு பொருந்தின. பேராசிரியர் குதித்தார். "பார்த்தீங்களா? இத்தனை கோடி வருஷம், ஒரு எழுத்து மாறல! அவ்வளவு முக்கியமான ஆளும்மா அவன்!"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், பட்டாணி மாதிரியே இருக்கிறது என்றால் அது பட்டாணியாக இருக்குமோ என்று கேட்டிருப்பார்கள். என்னைப் போல மூன்று பாடத்தில் தோற்றவள்கூடக் கேட்டிருப்பாள். படித்தவர்களுக்குத்தான் அதைப் பரிணாமம் என்று நினைக்கத் தோன்றும். இதை நான் பிற்பாடு சொன்னபோது அத்தை சிரிக்கவில்லை. "ஆமா" என்றாள், அவ்வளவுதான்.

கட்டுரை வெளிவந்தது. பேராசிரியர் அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இது உங்க கண்டுபிடிப்பும்மா. இதை வெச்சு உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதப் போறேன். இந்தத் தடவை மறுக்க முடியாது."

நிரந்தரம். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்ல மாட்டோம், கண் பட்டுவிடும் என்கிற மாதிரி. அப்பா மட்டும் வாரம் ஒருதடவை, "ஏம்மா, அந்த விஷயம்?" என்பார். "நகருது அண்ணா" என்பாள் அத்தை. நிலையத்தில் கோப்பு நகர்கிற வேகத்தில் நகர்ந்து, நான்காம் வருடம் கமிட்டிக்குத் தேதி குறித்தார்கள். அத்தைக்கு அப்போது நாற்பத்தாறு முடியப் போகிறது. நிலையத்தின் விதிப்படி நாற்பத்தாறுக்கு மேல் யாரையும் புதிதாக நிரந்தரமாக்க முடியாது. அதாவது இதுதான் முதல் வண்டி, இதுதான் கடைசி வண்டி.

இதற்கிடையில் இன்னொருத்தியைச் சொல்ல வேண்டும். பேராசிரியரின் ஆய்வு மாணவி. குளிரறைக்குள் காலை வைத்தாலே ஏழு தும்மல் போடுவாள் என்பதால் எங்கள் வீட்டில் அவளுக்குத் தும்மல் என்றே பெயர். அத்தை கண்ட காவல்காரனுக்கு உரிய மரபணுவைப் பாசியிலிருந்து தேடி எடுப்பது அவள் வேலை. புரதம் இருந்தால் அதற்கு மரபணு இருந்தாக வேண்டுமே. நான்கு வருடமாகத் தேடினாள். கிடைக்கவில்லை. பாசியின் மரபணு வரிசையில் படிக்க முடியாத ஓட்டைகள் நிறைய, அதில் ஏதோ ஒன்றில் ஒளிந்திருக்கும் என்று பேராசிரியர் சொன்னார். அவளும் ஓட்டை ஓட்டையாகக் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமிட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வேறொரு நாட்டு ஆய்வகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதே பாசி, அதே எதிர்ப்பொருள், எங்களுக்குப் பட்டை வரவில்லை, என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொரு படியாக எழுதி அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். பேராசிரியர் சிரித்தார். "கை வரணும்ல? நீங்களே எழுதிக் குடுங்கம்மா. எதையும் விடாதீங்க."

அத்தை விடவில்லை. எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம், குழாயை எந்தக் கையால் சாய்ப்பது என்பது வரை எழுதினாள். வடிகட்டும் துணிக்கு வந்தாள். கடையில் விற்கிற வடிகட்டி அவளுக்குப் பிடிக்காது, ஓரம் பிசிறு பிசிறாகப் போய் நூல் உள்ளே விழும். நைலான் துணி வாங்கி, ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து, வீட்டு மெஷினில் நெருக்கமாகத் தைத்துக் கொண்டுபோவாள். பாசி வேலை ஆரம்பித்தபோது அதற்குத் தனித் துணி வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததென்னவோ நல்ல நினைப்புதான். கைவசம் பட்டாணிக்கு வைத்திருந்த பெரிய துணி ஒன்று வெள்ளை வெளேரென்று இருந்தது. அதை இரண்டாக வெட்டி, வெட்டிய ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்து, ஒன்றைப் பட்டாணிக்கும் ஒன்றைப் பாசிக்கும் வைத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் இரண்டையும் ஒரே தொட்டியில் அலசி, ஒரே கம்பியில் காயப் போடுவாள்.

அந்தப் பாசித் துணியையே கடிதத்தோடு அனுப்பிவிடலாம், பாவம், அவர்களுக்கும் உதவியாக இருக்கும் என்று வீட்டுக்கு எடுத்து வந்தாள். ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது. நல்லபடியாகத் தைத்து அனுப்ப வேண்டும் என்று பழைய மடிப்பைப் பிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கட்டிலில் குப்புறப் படுத்து, அவளுடைய நூல்கண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மெஷின் சத்தம் வரவில்லையே என்று நிமிர்ந்தேன். துணியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்திருந்தாள். மடிப்பின் உள்பக்கம் நீளத்துக்கும் ஒரு கோடு. பழுப்பேறிய பச்சை.

"அத்தை, கறை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்."

அவள் துணியைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அந்தப் பாசியின் பச்சையில் நீலம் இருக்கும் என்று சொன்னேன் இல்லையா, இதில் நீலம் இல்லை. பதினாலு வருடம் பார்த்த பச்சையை அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை பாசியைப் புதுத் துணியில் வடிகட்டிச் சோதித்தாள். பட்டை வரவில்லை. அடுத்த நாள் பழைய துணியில் வடிகட்டினாள். வந்தது. மூன்றாம் நாள் செய்ததுதான் கொடுமை. பாசியே இல்லாமல், இலையே இல்லாமல், வெறும் உப்புக் கரைசலைப் பழைய துணி வழியாக ஊற்றிச் சோதித்தாள். காவல்காரன் வந்து நின்றான், எப்போதும் நிற்கிற அதே இடத்தில். நூறு கோடி வருடமாகப் பாசிக்குள் இருந்த ஆள் இல்லை, தொட்டியில் அலசும்போது மடிப்புக்குள் ஏறி உட்கார்ந்துகொண்ட பட்டாணிக்காரன். வேறு யாராவது ஓரம் தைக்காமல் கந்தலாக வடிகட்டியிருந்தால் இது நடந்தே இருக்காது. ஐந்து வருடம் எத்தனையோ விதமாகச் சரிபார்த்தார்கள். வடிகட்டியைச் சரிபார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் சுத்தத்தின் மேல் எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

மூன்று படச்சுருளையும் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்ககிட்டதான் சார் முதல்ல சொல்றேன்."

"நல்லது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தொண்ணாம் தேதி கமிட்டி. அது முடியட்டும். ஆர்டர் உங்க கைக்கு வரட்டும். அப்புறம் கட்டுரையை நாமளே திரும்ப வாங்கிக்கலாம். பொய் சொல்லச் சொல்லலம்மா. கொஞ்ச நாள் பேசாம இருங்கன்னுதான் சொல்றேன்."

"அந்தப் பொண்ணுக்கு?"

"அவளுக்கும் அப்புறமே சொல்லிக்கலாம். பதினாலு வருஷம்மா உங்களுக்கு."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வண்டிச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்று ஒருநாள் நிலைய வாசல் வரைக்கும் போனேன். தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் பேசவில்லை, அத்தையைப் பற்றித்தான் பேசினார் என்பது அப்போது பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அத்தை பேசாமல் இருந்தாள். வீட்டில் எனக்கு மட்டும் விஷயம் தெரியும், அன்றைக்கு மடிப்பைப் பார்த்துவிட்டேனே. "வாலு, அப்பாகிட்ட வாயைத் திறந்த, தொலைச்சிடுவேன்" என்றாள். நான் திறக்கவில்லை. பேசாமல் இருந்தால் நிரந்தரம், பேசினால் ஒன்றுமில்லை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இப்போதும் பாதி நேரம் அப்படித்தான் நினைக்கிறேன்.

தும்மல் வராமல் இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். கமிட்டிக்கு மூன்று நாள் முன்னால் அவள் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு, குளிரறையில் இருந்த அத்தையிடம் ஓடி வந்தாளாம்.

"அக்கா, புது வழி கிடைச்சிடுச்சு! இன்னும் ஆறே மாசம். இந்தத் தடவை கண்டிப்பா சிக்கிடுவான்க்கா."

"உனக்கு அடுத்த மாசம் கல்யாணம் இல்லடி?"

"தள்ளி வெச்சாச்சு. இவனைப் பிடிச்சுட்டுத்தான் அவனைன்னு வீட்ல சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு ஏழு தும்மல். அத்தை அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தாள். வேறெதுவும் கொடுக்கவில்லை.   

இருபத்தொன்றாம் தேதி. இஸ்திரி போட்ட புடவை. அம்மா தன் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருத்தர் நிர்வாகம், ஒருத்தர் வெளியிலிருந்து வந்த விஞ்ஞானி, இன்னொருத்தர் தேநீருக்காகக் காத்திருந்தவர். பேராசிரியர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

விஞ்ஞானி கேட்டார். "உங்க வேலையில முக்கியமான சாதனைன்னு எதைச் சொல்வீங்க?"

அத்தை கைப்பையிலிருந்து துணியை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"இது என்னம்மா?"

"வடிகட்டி சார். நானே தச்சது."

"நல்லாத் தச்சிருக்கீங்க."

"அதுதான் சார் பிரச்சனை."

எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று படச்சுருளையும் வரிசையாக வைத்தாள். வெளியிலிருந்து வந்த விஞ்ஞானிக்கு இரண்டாவது படத்திலேயே புரிந்துவிட்டது, அவர் பேராசிரியர் பக்கம் திரும்பாமல் இருக்கக் கஷ்டப்பட்டார். நிர்வாகத்துக்குத்தான் புரியவில்லை.

"அப்போ அஞ்சு வருஷமா நீங்க பண்ணது பாசி ஆராய்ச்சியா, துணி ஆராய்ச்சியா?"

தேநீருக்காகக் காத்திருந்தவர் சிரித்துவிட்டார். "துணிதான் சார்" என்றாள் அத்தை.

கமிட்டியின் குறிப்பில் எழுதியிருந்தது இது: குறிப்பிடத்தக்க சாதனை எதுவும் இல்லை. பரிந்துரைக்கப்படவில்லை.

நேராகத் தும்மலைத் தேடிப் போனாள். உண்மையைச் சொல்லிவிட்டோம், குறைந்தபட்சம் இந்தப் பிள்ளையாவது பிழைத்துக்கொள்ளும் என்ற நினைப்பு அவளுக்கு இருந்திருக்க வேண்டும். எனக்கும் இருந்தது. தும்மல் குளிரறை வாசலில் நின்று முழுக்கக் கேட்டாள். கத்தவில்லை.

"உங்களுக்கு எப்பலேருந்துக்கா தெரியும்?"

"பதிமூணு நாளா."

"பதிமூணு நாளும் நான் தேடிட்டிருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தீங்க."

"ஆமா."

"கைக்குட்டை குடுத்தீங்க."

 நான்கு வருட வேலையும் போனதற்கு அந்தப் பெண் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தப் பதிமூன்று நாளைத்தான் சொன்னாள். மறு வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அத்தை போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். திட்டத்தை மூடினார்கள். திட்டம் மூடினால் தற்காலிகமும் மூடும், அந்த வருடத் தாள் வரவில்லை. கடைசி வாரத்தில் அத்தை பேராசிரியரிடம் ஒன்று கேட்டாள். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல கேள்வி.

"சார், காவல்காரன் இல்லன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆனா புரதமெல்லாம் உள்ள போயிட்டுத்தானே இருக்கு? ஆளே இல்லாம எப்படி சார் சரியானதை மட்டும் உள்ள விடுது? அதைப் பாக்கலாமே."

பேராசிரியர் மேசையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். "பாக்கலாம்மா. அஞ்சு வருஷம் முன்னாடியே பாத்திருக்கணும். இனிமே நாம சொன்னா எவன் நம்புவான்?"

மூடிய திட்டத்தின் உயிரிகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. நாற்பத்தோரு குடுவை. வேறு யாருக்கும் அந்த அறைப் பக்கம் வேலை இல்லாததால் அத்தையே செய்தாள். பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒரு இயந்திரம், நூற்றிருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம். நான்கு தடவையாகப் பிரித்து வைத்தாள். உள்ளே போகும்போது நீலம் கலந்த பச்சை. வெளியே வரும்போது சாக்கடை நிறம். அழுத்தம் இறங்கும் வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாளாம். பிறகு குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

நான் அவளுக்குத் தட்டு வைத்தேன். சிரிக்க வைக்க ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வாயில் வந்தது இதுதான்:

"ஒரே ஒரு புட்டியையாவது சுருட்டிட்டு வந்திருக்கலாம்ல? எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்து அடிச்சிட்டு வந்திருப்பேன்."

"அதுக்கு அளவா வெளிச்சம் வேணும், அளவா குளிர்ச்சி வேணும், அளவா உப்பு வேணும். நம்ம வீட்டு ஜன்னல்ல பத்து நாள் தாங்காது. இங்க வந்து பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமா சாகறதுக்கு, அங்கயே இருபது நிமிஷம் பரவால்ல."

இப்போது ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வருகிறவர்களின் சிறுநீர்ப் புட்டிகளில் எண் ஒட்ட வேண்டும். ஒன்பது மணிக்குப் போனால் போதும். ஆனாலும் நாலரைக்கு எழுந்துவிடுகிறாள். எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், ஆறு மணி ஆகும் வரை. நானும் சில நாள் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்காருவேன். போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று கேட்டேன்.

"அத்தை, அந்தப் பாசி ஆளே இல்லாம எப்படித்தான் உள்ள விடுது?"

"தெரியாது."

அலாரம் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "எனக்கு இனிமே தெரியவும் போறதில்ல" என்றாள். நான் அவள் போர்வையின் ஒரு முனையை இழுத்து என் காலையும் மூடிக்கொண்டேன். அவள் தள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை.